வீட்டுக்கு ஒரு புகார்

போன வருடம் என் தங்கையின் படத்தை எவனோ திருடி, சமூக வலைத்தளத்தில் அவள் பேரிலேயே ஒரு போலிப் பக்கம் திறந்து, ஆண்களிடம் அசிங்கமாகப் பேசிக்கொண்டிருந்தான். திருப்பத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள், இனி கல்லூரிக்கே போகமாட்டேன் என்று மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து படுத்துவிட்டாள்.

எனக்கு எப்போதும் மூக்குமேல் கோபம். எங்கள் ஊரில் ஒருவருக்கு அநியாயம் நடந்தால் வீட்டுக்கு ஒருவர் வந்து நிற்க வேண்டும். நான்தான் வீடுவீடாகப் போய் அழைத்தேன். சாமை அறுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட அப்படியே போட்டுவிட்டு, டவர் கிடைக்கும் பாறைக்கு வந்தார்கள். "நம்ம பொண்ணு மூஞ்சி தெரியுது பாரு, அமுக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு புகார் கொடுத்தார்கள்.

அங்கேதான் கோட்டை விட்டோம். பேரைத் தேடியதும் முதலில் வந்தது அவளுடைய சொந்தப் பக்கம். பாதிப் பேர் அதன்மேல்தான் புகார் கொடுத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வலைத்தளத்தை நடத்தும் கம்பெனி நிஜப் பக்கத்தை நீக்கிவிட்டது. போலியைப் பற்றி, "பரிசீலித்தோம், விதிமீறல் ஏதும் இல்லை" என்று பதில் வந்தது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஆடு மேய்ந்த தகராறுக்கே இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துக் கேட்பார்கள். இவ்வளவு பெரிய கம்பெனி இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த மாதிரி கம்பெனிகள் புகார் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம் என்று இ-சேவை மையத்தில் இருந்த பெண் சொன்னாள். அந்த அதிகாரிக்கு, தங்கையின் கல்லூரி அடையாள அட்டையை இணைத்து எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதி, சைபர் கிரைம் போலீசுக்கும் நகல் போட்டேன். நான்காம் நாள் போலி போய்விட்டது, அவள் பக்கமும் திரும்பி வந்தது. யார் செய்தது, முதலில் ஏன் விட்டுவைத்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை ஊரார் ஒவ்வொருவராக வந்து அவளிடம், "நாங்கதான் தப்பா அமுக்கிட்டோம்மா, மனசுல வெச்சுக்காத" என்றார்கள். நானும் மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்தைக் கூட்டியவள் நான்தானே. அவள் எழுந்து உட்கார்ந்து சோறு போடச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை இருவரும் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் போனுக்குக் கம்பெனியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

"இன்னாக்கா இது, மன்னிப்பு கேப்பாங்கன்னு பார்த்தா மார்க்கு கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.