மணி ஏன் சாப்பிடவில்லை?

என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. சூரமங்கலத்திலிருந்து சென்னைக்கு மாற்றல் வந்தது. அங்கே கிடைத்த மாடி வீட்டில் நாய் வளர்க்க முடியாது. அதனால், ஐந்து வயதான எங்கள் மணியை, ராசிபுரம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கும் பாப்பாத்தி அக்காவிடம் விட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார். "ஏனுங்க, கறிச்சோறு போட்டாக்கூட தொட மாட்டேங்குதுங்க. எச்சி ஒழுக சோத்து வட்டலையே பாத்துட்டு உக்காந்திருக்குது. பயமா இருக்குதுங்க."

ஏக்கத்திலேயே செத்துவிடுமோ என்று நான் அழுதேவிட்டேன். உடனே போய் அழைத்து வரலாம் என்று கணவரிடம் சண்டை போட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அதுக்குப் பசி இருக்குடி. சிக்னல்தான் கிடைக்கல!"

குட்டியாக இருந்தபோது தட்டில் பாயாமலிருக்க, "சிக்னல் விழுந்தாச்சு" என்று சொன்ன பிறகே சாப்பிட அவர் பழக்கியிருந்தார். தினமும் சொல்லிச் சொல்லி, அது ஒரு கட்டளை என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

போனிலேயே அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தோம்.

"சிக்னல் விழுந்தாச்சு சாமி!" என்றார் அக்கா. அடுத்த நொடி வட்டல் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. எனக்குப் போன உயிர் வந்தது.

இப்போது யார் நாயை வேறு வீட்டுக்குக் கொடுத்தாலும், அதனிடம் தினமும் பேசும் வார்த்தைகளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறேன்.

போன வாரம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். வட்டலை வைத்து, "சிக்னல் விழுந்தாச்சு" என்றேன். மணி என்னைப் பார்த்து வாலாட்டியது. ஆனால் அக்கா சொல்லும் வரை சோற்றில் வாய் வைக்கவில்லை.