வேண்டிக்கொண்டது யார்

புத்தூர் பேருந்தில் என் முன் இருக்கையில், மொட்டையடித்த சிறுமி ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைச் சந்தனத்தின் மணம் காற்றில் கலந்து வர, எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

திருமலையில் மொட்டை போடும் கூடம். ஈரத் தரை, சில்லிட்ட பாதங்கள், கனவில் வருவதுபோல் மங்கிய வெளிச்சம். வரிசையாக இவைதான் நினைவுக்கு வருகின்றன. நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் டைபாய்டு காய்ச்சல் இறங்கினால் என் முடியைத் தருவதாக அம்மா வேண்டியிருந்தாள். நைனா பிழைத்துவிட்டார்.

நான் பின்னலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். “வேண்டிகினது நீ. குடுக்கறது நானா? சாமி என்னக் கேட்டுச்சா?”

“சாமிகிட்டயே வாயாடறியா?” அம்மா கையை ஓங்கினாள். ஆனால் அடிக்கவில்லை. நாவிதரிடம் திரும்பி, “நீங்களே சொல்லுங்கண்ணா” என்றாள்.

அவர் கத்தியில் புது பிளேடை மாட்டிக்கொண்டே, “எனக்கு இன்னா தெரியும் தல்லி? ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு, ஏதாவது ஒரு தலையக் காட்டுங்க” என்றார்.

 அம்மா தன் கொண்டையை அவிழ்த்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

மலை இறங்கும்போது மேகம் பேருந்துக்குள் வந்து போனது. “சாமி ஒத்துக்குமா மா?” என்று பயத்தோடு கேட்டேன்.

“தெர்ல” என்றாள் அம்மா. “கோச்சிக்கினா வந்து கேக்கட்டும். பேசிக்கலாம்.”