இரண்டு தாழ்ப்பாள் போட்ட கதவு

ஜூலை 12, சனிக்கிழமை, மாலை 5.40. மழை, ஒன்பது டிகிரி. ஆக்லாந்துக்கு மேற்கே மலையில், குதிரை லாயத்தை மாற்றிக் கட்டிய விடுமுறைக் குடிலில் தங்கியிருந்தேன். மறைந்த மனைவியின் படத்துக்குக் கற்பூரம் ஏற்றியபோது திரைச்சீலை பற்றிக்கொண்டது. மேல், கீழ் என இரண்டாகப் பிரிந்த லாயக் கதவில் மேல்பாதி மட்டுமே திறந்தது. எழுபத்தாறு வயதில் ஏறிக் குதிக்க முடியாமல் கத்தினேன்.

குடிலின் உரிமையாளரான யாழ்ப்பாணத்துப் பெண் ஓடிவந்தார். “ஐயா, கீழ்க் கதவுக்கும் தனித் தாழ்ப்பாள் இருக்கு, குனிஞ்சு இழுங்கோ!”

இழுத்து வெளியே வந்தேன். அவர் புகைக்குள் நுழையப் போனார்.

“ஏம்மா உள்ள போறீங்க?”

“ரெண்டு பேர் எண்டுதானே பதிஞ்சனீங்கள்? மற்ற ஆள் எங்க?”

“பழக்கத்துல போட்டுட்டேன்மா. நான் மட்டும்தான்.”

இப்போதெல்லாம் வீட்டுக்குள் கற்பூரம் ஏற்றுவதில்லை. எங்கே பதிந்தாலும் ஒருவர் என்றே எழுதுகிறேன். அன்று தீ திரைச்சீலையோடு அணைந்தது; நான் கட்டியது திரைச்சீலைக்கு 140, வராத இரண்டாவது ஆளுக்கு 35, ஆக 175 டாலர்.