டாக்டரம்மா பார்த்த கால்விரல்கள்

டாக்டரம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் அவர் முகம் வருவதில்லை. நாற்காலியின் நுனியில் நீண்டு கிடக்கும் யாரோ ஒருவரின் வெறுங்கால்கள்தான் வருகின்றன. தென்காசியில் அவருடைய பல் ஆஸ்பத்திரியில் நான் உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு நாற்பது கடந்திருந்தது. அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொல்வார். சுத்தத்துக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

குற்றாலத்து மலையை மேகம் மெல்ல மென்றுகொண்டிருந்த ஒரு சாரல் நாளில், கடையத்திலிருந்து அந்தப் பட்டாளத்துக்காரர் வந்தார். ஓய்வுபெற்று வயலைப் பார்ப்பவர். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஈறு சீழ்பிடித்து, கடைவாய்ப்பற்கள் ஆடின. ஈறைத் திறந்து சுத்தம் செய்து தைத்தால் பற்கள் நிற்கும். விட்டால் ஒவ்வொன்றாக விழும். அவரோ எப்போதோ, சரியாக மரக்காமலே ஒரு பல்லைப் பிடுங்கக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு எந்தப் பல் டாக்டரின் வாசலையும் மிதிக்காதவர். "இன்னைக்கு எந்திரிச்சுப் போயிட்டாருன்னா பொறவு கூட்டியாரவே முடியாது தாயி" என்று அவர் மனைவி என் காதில் சொன்னார்.

முதலில் இடதுபக்கம். கடைவாய்க்குப் பின்னால், தாடை எலும்பின் உட்புறமாக ஊசி ஆழ இறங்கியது. டாக்டரம்மா மருந்தைத் தள்ளமாட்டார், கசியவிடுவார். பிறகு காத்திருப்பு. உதட்டைப் பஞ்சால் தொட்டுப் பார்ப்பது என் வேலை. அருவிக்கு அடியில் நின்ற தோள் மாதிரி மரத்துட்டு என்றார் பட்டாளத்துக்காரர். நாக்கிலும் பாதி போய்விட்டதாம். மரத்துட்டு டாக்டர் என்று நானும் சொல்லிவிட்டேன்.

மழுங்கிய கருவியால் கடைவாய்ப்பல்லின் வெளிப்பக்க ஈறை டாக்டரம்மா அழுத்தினார். வலிக்கிறதா என்றார். இல்லையென்று தலை அசைந்தது. முகம் கல். ஆனால் டாக்டரம்மா கையை எடுத்துவிட்டார். அவர் பார்வை முகத்தில் இல்லை. கால் பெருவிரல் கொக்கிபோல் மடங்கியிருந்தது.

"மரக்கலேன்னு சொல்லதுக்கு என்ன அண்ணாச்சி?"

கோணிய உதட்டோடு அவர், "பட்டாளத்துக்காரன் ஊசிக்கே மொனங்குதான்னு சொல்லுவானுவ. நீங்க வெட்டுங்க, நான் தாங்கிக்கிடுதேன்."

"நீங்க தாங்குததுக்கு நான் எதுக்குப் படிச்சேன்?" என்றவர், வயல்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "தாடைக்கு ஒரே வாய்க்கால் இல்ல அண்ணாச்சி. பல்லுக்கும் உதட்டுக்கும் போறது ஒண்ணு, கன்னப்பக்க ஈறுக்குப் போறது இன்னொண்ணு. இன்னும் ஒரு மடைய அடைக்கணும்."

கன்னத்தின் உள்ளே சின்னதாக இன்னொரு ஊசி. மறுபடி காத்திருப்பு, மறுபடி அழுத்தல். ஈறைத் திறந்து தைத்து முடிக்கும்வரை அந்த விரல்கள் காற்றில்லாத நாளின் இலைகளைப் போலக் கிடந்தன.

ஊசியைச் சரியான இடத்தில் இறக்கப் பல கைகளுக்குத் தெரியும். ஆனால் டாக்டர் கேட்டால் வலிக்கு முன்னால் மரியாதை ஓடிவந்து பதில் சொல்லிவிடுகிற ஊர் இது. அந்தப் பதிலை நம்பாமல் இருக்க ஒரு தனிக் கருணை வேண்டும். டாக்டரம்மா இப்போது வேறு ஊரில் இருக்கிறார். இங்கே வந்திருக்கும் புது டாக்டரும் நல்லவர்தான். செருப்பைக் கழற்றச் சொல்வது மட்டும் இப்போது நான்.

அந்தச் சாரல் நாளுக்கு இரண்டு வாரம் கழித்து வலதுபக்கத்துக்குப் பட்டாளத்துக்காரர் தனியாகவே பஸ் ஏறி வந்தார். இரண்டு ஊசியும் போட்டாயிற்று. டாக்டரம்மா கருவியை வைத்து அழுத்தியதும், வெளியே காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "இங்கன இன்னும் வலிக்கி டாக்டரம்மா. கொஞ்சம் பொறுங்க."