டம்ளர் விழாத நேரம்

செங்கத்தில் என் சித்தப்பாவின் லாரி ஆபீஸில் ஜிபிஎஸ் வேலை என்னுடையது. ஒவ்வொரு டிரைவரின் நாளையும் மூன்றாகப் பிரித்துப் பதிவேன்: ஓட்டம், காத்திருப்பு, ஓய்வு. சித்தப்பாவுக்கு இரண்டு போதும். எஞ்சின் ஓடினால் வேலை, நின்றால் ஓய்வு. போதுமான ஓய்வு பதிவாகாத டிரைவருக்கு அடுத்த டிரிப் கிடையாது என்ற விதியை மட்டும் சண்டை போட்டு வாங்கியிருந்தேன்.

புளி சீசனில் ஒரு வண்டியின் ஜிபிஎஸ் கருவி பழுதானது. சரிசெய்ய, அந்த வண்டி நின்ற மலைமேல் ஜமுனாமரத்தூர் கிடங்குக்குப் போனேன். லோடு ஏற்ற லாரிகள் வரிசையில் நின்றன. முன் வண்டி நகர்ந்ததும் நாமும் நகராவிட்டால் பின்னால் இருப்பவர் முந்திவிடுவார். அதற்கு எங்கள் டிரைவர் ஒரு வழி வைத்திருந்தார். சணல் கயிற்றின் ஒரு முனை முன் லாரியின் பின்கதவில். மறுமுனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, டாஷ்போர்டில் இருந்த எவர்சில்வர் டம்ளரில். முன் வண்டி நகர்ந்தால் டம்ளர் விழும், இவர் விழிப்பார்.

கேபினில் உட்கார்ந்து கருவியைச் சரிசெய்து முடிப்பதற்குள் டம்ளர் பலமுறை விழுந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு எழுந்தார். கண்கள் சிவந்திருந்தன.

சாயங்காலம் லோடு ஏறியது. சித்தப்பா போன் செய்தார்.

"இன்னாம்மா, காலைலேர்ந்து வண்டி நின்னுக்கினுதானே இருந்துது? நல்லா தூங்கியிருப்பான். கிளப்பச் சொல்லு."

"தூங்கல சித்தப்பா. காத்துக்கினு இருந்தாரு."

டிரைவரே குறுக்கிட்டார். "வுடும்மா, போய்ட்டு வர்றேன்."

"மலை இறக்கத்துல கண்ணு சொக்குனா இன்னா பண்ணுவீங்கண்ணா?"

"டம்ளர் இருக்குதே!"

பக்கத்து லாரிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைய பகல் முழுவதையும் காத்திருப்பு என்று பதிந்தேன். டிரிப் நின்றது.

"ஆபீஸ் உன்னுதா, என்னுதா?" சித்தப்பா போனில் கத்தினார்.

"ஆபீஸ் உங்களுது. பதிவு என்னுது."

"அப்ப கண்ணமங்கலம் பார்ட்டிக்கு நீயே பதில் சொல்லிக்க!"

சொன்னேன். சரக்கு காலையில் வராது, மதியம்தான் வரும் என்று. அந்த வியாபாரி திட்டியதைக் கேட்டுக்கொண்டேன். கடைசியில், "மதியம் தாண்டக் கூடாதும்மா" என்றார்.

டிரைவர் வண்டியைக் கிடங்கின் ஓரம் ஒதுக்கினார். முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு சீட்டில் நீட்டிப் படுத்தார். டம்ளரைக் கழுவி எதிர்க் கடையில் டீ வாங்கிக் குடித்தேன். திரும்பி வந்தபோது குறட்டை கேட்டது.

அப்போதுதான் ஓய்வு என்று பதிந்தேன்.