பாலில் போட்ட பல்

மேல்வரிசை முன்பல்லில் ஒன்று என்னுடையது இல்லை. பல் டாக்டரம்மா கட்டிக் கொடுத்தது. அங்கே இருந்த சொந்தப் பல்லை எடுத்தவன் என் மகன்.

அவன் சொம்பை எறிந்தது மருமகள் மேல். குறுக்கே போனது நான். தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். குனிந்து துப்பினேன். ரத்தத்தோடு பல் வேரோடு வந்து விழுந்தது. அதைச் சாணியில் பொதிந்து கூரை மேல் வீசிவிட்டேன். பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்தால் அப்படித்தானே செய்வோம்? அவனுடைய பால்பற்களையும் இதே கூரை மேல்தான் போட்டேன். அப்போதெல்லாம் நல்ல பல்லாக முளைக்கட்டும் என்று சொல்லிப் போட்டேன். என் பல்லைப் போடும்போது ஒன்றும் சொல்லவில்லை.

அக்கம்பக்கத்தில் குழாயடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் எதிரில் எனக்குச் சாதாரணமாகவே பேச்சு வராது. பல் போன பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டே திரிந்தேன். மருமகள்தான் பார்க்கப் பொறுக்காமல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள்.

"விழுந்த பல்லு எங்கம்மா?"

"கூரை மேல போட்டுட்டேங்க."

"சாணி வெச்சா?"

"ஆமாங்க."

டாக்டரம்மா சிரித்து, பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்பவே பால்ல போட்டு எடுத்துட்டு வந்திருந்தா அதையே திரும்ப நட்டிருப்பேனே! வேரைத் தொடக்கூடாது, தேய்ச்சுக் கழுவக்கூடாது. பால்ல போட்டு உடனே ஓடி வரணும்."

போன பல்லுக்குப் பாலம் மாதிரி ஒன்றைக் கட்ட, இரண்டு பக்கமும் இருந்த நல்ல பற்களைச் சீவினார். ஊசி போட்டும் மிஷினின் சத்தம் மண்டைக்குள் புகுந்தது. எலும்பு கருகும் வாசனை வந்தது. அடித்தவன் எடுத்தது ஒரு பல். அதை ஈடு கட்ட இன்னும் இரண்டு பல் சிதைய வேண்டியிருந்தது. முறுக்கு, கரும்பு, எலும்பு எதையும் இனி முன்பல்லால் கடிக்கக் கூடாது என்றார். பல்லுக்கு அடியில் சின்ன பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் தவறாமல் செய்தேன்.

ஒரு பௌர்ணமியன்று சாயங்காலம் மகன் குடித்துவிட்டு வந்தான். ஆசிரமத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் மருமகள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"கண்டவன் ரூமைக் கூட்டப் போவாதன்னு சொன்னேனா இல்லியா?"

"நீ சம்பாரிச்சுனு வந்து போடு, நான் ஏன் போறேன்?" என்றாள்.

கையிலிருந்த செல்போனோடு அவள் வாயில் குத்தினான். அவள் அடுப்பு மேடையில் மோதி விழுந்தாள். விழுந்தவளை இடுப்பில் உதைத்தான். அவள் முன்பல் தரையில் உருண்டு அரிசி டப்பா ஓரம் போய் நின்றது.

நான் அவளைத் தூக்கப் போகவில்லை. பல்லை எடுக்கப் போனேன். வேரைத் தொடாமல் நுனியைப் பிடித்து எடுத்தேன். பால் பாக்கெட்டைக் கிழித்து டம்ளரில் ஊற்றி அதில் போட்டேன். வெள்ளையில் சிவப்பு நூல் மாதிரி ரத்தம் பிரிந்து ஓடியது.

"எழுந்துரு பொண்ணே, டாக்டருகிட்ட போலாம்."

"எங்க கெளம்பிட்ட? ஊரெல்லாம் போயி என் மானத்த வாங்கவா?" என்று டம்ளர் பிடித்த என் கையைப் பிடித்து முறுக்கினான்.

பால் தளும்பியது. சிந்தினால் அவள் பல் போயிற்று. முறுக்குக்கூடக் கடிக்கக் கூடாத பல்லால் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். மற்ற கையால் என் மண்டையில் குத்தினான். கண் இருட்டியது, தாடையைத் தளர்த்தவில்லை. வாயில் உப்புக் கரித்தது. இந்தத் தடவை ரத்தம் என்னுடையது இல்லை. "அம்மா!" என்று அலறிக் கையை விட்டான். வலியில் எல்லாரும் அப்படித்தான் அலறுவார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கிரிவலக் கூட்டத்துக்காக ஆட்டோவை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். நடந்தோம். அவள் துணியை வாயில் அமுக்கிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி வந்தாள். நான் டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஜனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு அம்மா என் எதிரில் கையைக் குழித்து நீட்டினாள்.

"அபிஷேகப் பாலாம்மா? கொஞ்சம் ஊத்துங்களேன்."

"பல்லு இருக்குதுங்க" என்றேன். அந்த அம்மா டம்ளருக்குள் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

டாக்டரம்மா பல்லை அதன் குழியில் திரும்ப நட்டு, பக்கத்துப் பற்களோடு கம்பி வைத்துக் கட்டினார். "எப்படிம்மா விழுந்தது?" என்று மருமகளைக் கேட்டார்.

"கொழாயடியில வழுக்கி..." என்றாள், நான் முன்பு சொன்ன அதே வார்த்தையை.

வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

"இல்லிங்க. எம் பையன் குத்தினான். என் பல்லும் அவன் எடுத்ததுதாங்க."

டாக்டரம்மா என் வாயைத் திறந்து பார்த்தார். கட்டிய பல் ஓரத்தில் சில்லு போயிருந்தது. "என்னத்தைக் கடிச்சீங்க?"

"அவன் கையைங்க."

அவர் சில்லு போன இடத்தைத் தேய்த்துச் சரிசெய்தார். நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மகளிர் போலீஸுக்குப் போனோம்.

வீடு என் பேரில் இருக்கிறது. மகனை உள்ளே விடுவதில்லை. மருமகள் பல் பிடித்துக்கொண்டது. கம்பியைப் பிரித்தாயிற்று, வேருக்கும் வைத்தியம் முடிந்துவிட்டது. ஆனாலும் அழுத்திக் கடிக்கக் கூடாது.

அவன் எப்போதாவது வந்து கேட்டுக்கு வெளியே நிற்பான். போன வாரமும் வந்தான். மணிக்கட்டில் தழும்பு தெரிந்தது.

"கேட்டைத் திறம்மா."

நான் கொய்யாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேருமே கடித்துத் தின்னக் கூடாதவர்கள், துண்டு போட்டுத்தான் தின்கிறோம். அவன் போகிற வரைக்கும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. பழம் தீர்ந்ததும் இன்னொன்றை எடுத்தேன்.