சம்பந்திக்கு ஊற்றிய தேநீர்

அல்மாட்டியில் எங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் பேராசிரியரின் வீட்டுக் கம்பளத்தையும் தட்டித் தருவார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "பிள்ளைகளா, சனிக்கிழமை சும்மாதானே இருப்பீங்க" என்பார் பாகிலா அப்பாய். மூத்த பெண்களை, ஆசிரியைகளை அப்படித்தான் அழைப்போம். அதற்குப்பின் சனிக்கிழமை நமக்கில்லை.

தொக்ஜான் என்னோடு சேர்ந்தவள். எல்லையோரச் சிற்றூரான ஜார்கெந்த் பக்கத்து லாரி ஓட்டுநர் மகள். உளவியலில் வளரிளம் பிள்ளைகளை ஏன் எடுத்தாய் என்று ஒருமுறை கேட்டேன். "சின்னப் பிள்ளை அழுதா தூக்கிக்கிறாங்க. பெரியவங்க அழுதா தண்ணி குடுக்கிறாங்க. நடுவுல இருக்கிறது அழுதா அறைதான் விழுது" என்றாள். மூன்றாம் ஆண்டு. வசந்தத்தில் அவள் ஆய்வேட்டை அவை முன் வைக்க வேண்டும்; அதற்கு அப்பாயின் கையெழுத்து வேண்டும்.

துறையின் மருத்துவமனையில் அவளிடம் ஆலோசனைக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி இன்கார். பதினைந்து வயது, கோடையிலும் முழுக்கைச் சட்டை. கைகளை ஏன் கீறிக்கொள்கிறாள் என்று வாய் திறக்கவே அவளுக்குப் பல வாரங்கள் ஆயின. இங்கே பேசுவது உன் வீட்டுக்குப் போகாது என்று தொக்ஜான் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு பேச்சும் ஒலிப்பதிவாகும். வழிகாட்டி என்ற முறையில் அப்பாய் மட்டும் கேட்பார். அதில் தவறில்லை, விதி அப்படி. ஆனால் இன்காரின் அண்ணனுக்குத்தான் அப்பாய் தன் மகளைக் கொடுத்திருந்தார். இன்காரின் பதிவுகளை வேறு வழிகாட்டியிடம் மாற்றிவிடுங்கள் என்று தொக்ஜான் கேட்டபோது, "என்னை நம்பலையா?" என்று சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்தார்கள். நான் தட்டு எடுத்தேன், தொக்ஜான் சமோவர் அருகே உட்கார்ந்து தேநீர் ஊற்றினாள். மேசையில் குதிரை இறைச்சியின் கொழுப்பு வெள்ளையாக உறையத் தொடங்கியிருந்தது. அப்பாய் விரல்களைச் சப்பியபடி எல்லோருக்கும் துண்டு எடுத்து வைத்தார். கடைசி இருக்கையில் இன்கார், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு.

அவள் அம்மா ஷாய்ரா ஆரம்பித்தாள். "சம்பந்தி, இவ வீட்டுல வாயே திறக்கிறதில்ல. உங்க ஆஸ்பத்திரியில என்னதான் சொல்றா?"

"தொக்ஜான், சொல்லும்மா. எல்லாம் நம்ம ஆளுங்கதானே."

"அது இன்காரோட பேச்சு, அப்பாய். நான் சொல்லக் கூடாது."

இன்காரின் அப்பா எர்மெக் சிரித்தார். "பதினஞ்சு வயசுல ரகசியமா? எங்க கிடாய்க்கும் ஏதோ மனசுல இருக்கு போல, ஒழுங்கா மேய மாட்டேங்குது. அதையும் கூட்டிட்டு வரவா?"

மேசையே சிரித்தது. இன்கார் பிய்ப்பதை நிறுத்தினாள்.

"ஜார்கெந்த்காரிக்குக் கூச்சம்" என்றார் அப்பாய். கைத்துண்டில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "நானே சொல்றேன். எல்லாத்தையும் கேட்டவ நான்தானே. கேட்டா சிரிச்சே உருண்டுருவீங்க. போன வாரம் இவ..."

விரல்களைச் சப்பிய அதே ருசி அந்தக் குரலில் இருந்தது.

தொக்ஜான் ஷாய்ராவின் கிண்ணத்தை எடுத்தாள். விளிம்பு தொடும்வரை ஊற்றினாள். சிந்தாமல் இரண்டு கைகளாலும் ஏந்திக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தாள்.

பேச்சு அறுந்தது. விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவோம், திரும்பத் திரும்பக் கேட்கட்டும் என்று. நிறைத்து வைத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். சம்பந்திக்கு அதைச் செய்தவர் எங்கள் பக்கம் யாருமில்லை.

ஷாய்ரா கிண்ணத்தையே பார்த்தாள். "இது உங்க வீட்டு முறையா, சம்பந்தி?"

"ஐயோ, இவளுக்குத் தெரியாம..."

"கசாக் பொண்ணுக்கா தெரியாது?" எர்மெக் எழுந்தார். "கிளம்பு."

மற்றவர்கள் தொப்பி தேடுவதற்குள் இன்கார் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

சமையலறையில் அப்பாய் கத்தவில்லை. "என் பொண்ணு இனி அந்த வீட்டுல எப்படி வாழுவா, யோசிச்சியா?"

"நீங்க இன்காரை யோசிச்சீங்களா, அப்பாய்?"

"உனக்கு யாரு கையெழுத்துப் போடறாங்கன்னு பாக்குறேன்."

"நீங்க போட மாட்டீங்க. தெரியும்" என்றபடி தொக்ஜான் ஈரக் கையைத் துடைத்தாள். அப்பாய் அப்போதும் மிச்ச இறைச்சியைப் பையில் கட்டி என் கையில் திணித்தார், விருந்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம். தெருவில் வந்த முதல் குப்பைத் தொட்டியில் அதைப் போட்டேன்.

கையெழுத்து கிடைக்கவில்லை. தொக்ஜான் இப்போது ஜார்கெந்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள், பட்டம் இல்லாமல். அந்த வசந்தத்தில் அப்பாய் ஒரு மாநாட்டில் வளரிளம் பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெறுவது பற்றிப் பேசி மலர்க்கொத்து வாங்கினார்.

இன்காரை என்னிடம் மாற்றினார்கள். அவள் உட்காரவில்லை. ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டினாள்.

"இதையும் அவங்கதான் கேப்பாங்களா?"

"ஆமா."

"அந்த அக்கா நம்பர் இருக்கா?"

கொடுத்தேன். ஞாயிறுகளில் இருவரும் பேசிக்கொள்வதாகத் தொக்ஜான் சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.